சூப்பர்ஹீரோ காதல் கதையில் ஒரு சாவு விழுந்தபின் காதலர்களுக்கு நடுவே என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காமிக்ஸ் வரைவில் கட்டி முடியாத ஒரு மேம்பாலம் இடிகிறது. கான்கிரீட் பாளங்களைத் தூக்கி எறியும் வலு உள்ள உங்கள் நாயகன் பலரை மீட்கிறான். காதலியின் தம்பியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. முகமூடிக்குள் இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு வரும் நாற்பது பக்கங்களில் அவள் அழுகிறாள், அவன் குற்ற உணர்வில் வாடுகிறான், படித்துப் பார்த்தவர்கள் 'டிவி சீரியல் மாதிரி இருக்கிறது' என்கிறார்கள். துயரத்தின் ஐந்து கட்டங்களை வரிசையாக வைத்துவிட்டால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி. மேலோட்டமாக இது துயரத்தைச் சித்தரிப்பது பற்றிய கேள்வி. உள்ளே இருக்கும் கேள்வி இதுதான்: மனமார நேசிக்கும் இரண்டு பேர், யாரையும் கெட்டவராக்காமல், எப்படி ஒருவரைவிட்டு ஒருவர் விலகுவார்கள்? அழுகையைக் கூட்டியோ குறைத்தோ இதற்கு விடை வராது. ஒரே சாவைப் பற்றி இருவருக்கும் தெரிந்தது வேறு வேறாக இருக்கிறது. விரிசல் அங்கேதான் விழும். காமிக்ஸ் ஸ்கிரிப்டுகளைத் திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். நான் மனநல ஆலோசகன் அல்ல. உளவியல் பற்றிக் கீழே வருவது ஆய்வாளர்கள் எழுதி வைத்தது. கதை கட்டுவது பற்றி வருவது தொழில் பழக்கத்தில் உண்டான அபிப்பிராயம், அதை நீங்கள் மறுக்கலாம்.

ஐந்து கட்டங்களை முதலில் முடித்துவிடுவோம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற வரிசையை எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் முன்வைத்தார். அவர் பேசிப் பார்த்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். உறவைப் பறிகொடுத்தவர்களிடம் அல்ல. பிற்பாடுதான் அது எல்லா இழப்புக்கும் பொதுவான சூத்திரமாகப் பரவியது. துக்கத்தில் இருப்பவர்கள் இப்படி வரிசைப்படி நடப்பதில்லை என்பது இன்று துறைக்குள் பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். கதைக்கும் அது கெடுதல்தான். வரிசை வாசகருக்கு மனப்பாடம். கோபம் வந்து போனதும் 'அடுத்தது பேரம்' என்று அவரே டிக் அடித்துக்கொண்டு வருவார்.

உங்களுக்குப் பயன்படக்கூடியது நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் இருவரும் 1999-ல் வெளியிட்ட மாதிரி. துக்கப்படுபவர் இரண்டு திசைகளுக்கு நடுவே போய்ப் போய் வருகிறார் என்கிறது அது. ஒரு திசையில் இழப்பு இருக்கிறது: போட்டோவை எடுத்துப் பார்ப்பது, சட்டையை முகர்வது, அந்த நாளையே மனதில் ஓட்டுவது. மறு திசையில் மிச்ச வாழ்க்கை இருக்கிறது: பைக் லோனை அடைப்பது, வேலைக்குத் திரும்புவது, ஒரு ஜோக்குக்குத் தன்னை மறந்து சிரித்துவிடுவது. இரண்டுமே துக்கம்தான். ஒரே நாளில் பலமுறை இடம் மாறலாம். தனி மனிதருக்கு இந்த ஊசலாட்டம் இயல்பானது, நல்லதும்கூட. இரண்டு பேர் சேர்ந்து வாழும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இருவரின் ஊசலும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இருப்பது அபூர்வம். அவள் தம்பியின் செல்போன் பேட்டர்னைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் இரவில் அவன் 'நாளைக்கு கேஸ் சிலிண்டர் வரும், காசு எடுத்து வைத்திருக்கிறேன்' என்பான். அன்பில் சொன்னதுதான். அவள் காதில் அது கல்லாய் விழும். நாலு நாள் கழித்து அவள் வேலைக்குக் கிளம்பி, கண்ணாடி முன் நின்று பொட்டு வைக்கும்போது அவன் உடைந்து உட்காருவான். அப்போது எரிச்சல் அவளுக்கு.

இதை மனதிலேயே கணக்குப் போடாதீர்கள். ஒரு தாளில் சாவு நடந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குக் கட்டம் போட்டு, அவனுக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி, அம்மாவுக்கு ஒரு வரி என்று யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று குறியுங்கள். இருவரும் எதிரெதிராக நிற்கும் நாட்களில்தான் உங்கள் காட்சிகள் இருக்கின்றன. நாற்பது பக்கத்துக்கு அப்படி ஐந்தாறு நாள் போதும். இருவரும் ஒரே பக்கத்தில் சேரும் நாள் ஒன்றாவது கட்டாயம் வேண்டும், சேர்ந்து அழுவதோ சேர்ந்து சிரிப்பதோ ஏதோ ஒன்று. அது இல்லாவிட்டால் இவர்கள் இன்னும் ஏன் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே வாசகருக்குப் பிடிபடாது. பலருடைய முதல் வரைவில் விட்டுப்போவது அந்த ஒரு நாள்தான்.

சாதாரணக் காதலனுக்கும் முகமூடிக்காரனுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சாதாரண ஆள் துக்கத்திலிருந்து தப்பி ஓடினால் வெளியே தெரிந்துவிடும்: குடிப்பான், ஆபீசிலேயே கிடப்பான், யாராவது கேட்பார்கள். சூப்பர்ஹீரோ ஓடினால் ஊரே கைதட்டும். ராத்திரி பதினோரு மணிக்கு ஜன்னல் வழியே போகிறவன் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு வருகிறான்; அவனைப் போய் 'ஏன் வீட்டில் இல்லை' என்று எப்படிக் கேட்பது? மேலே சொன்ன மாதிரியின்படி பார்த்தால், அவன் ஊசல் செயல் பக்கமே நிரந்தரமாக மாட்டிக்கொண்டது. ஆகவே அவனுடைய மீட்புக் காட்சிகளை வீரமாக எழுதாதீர்கள், எண்ணிக்கையாக எழுதுங்கள். சாவுக்கு முன் வாரத்துக்கு இரண்டு இரவு வெளியே போனவன், சாவுக்குப் பின் ஆறு இரவு போகிறான். சின்னத் திருட்டுக்கும் போகிறான். வாசகர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

இந்த வகைக் கதைக்கு ஆதாரமான பழைய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்த்துவிடுவது நல்லது. 1970 நவம்பர் தேதியிட்ட 'தி அமேசிங் ஸ்பைடர்-மேன்' 90-ஆவது இதழ், ஸ்டான் லீ எழுதி கில் கேன் வரைந்தது. (எண்பதுகளில் லயன் காமிக்ஸில் நாம் படித்த ஸ்பைடர் வேறு, அது பிரிட்டிஷ் பாத்திரம்.) பீட்டர் பார்க்கரின் காதலி குவென் ஸ்டேசி. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன் ஜார்ஜ் ஸ்டேசி. இயந்திரக் கைகள் கொண்ட வில்லன் டாக்டர் ஆக்டபஸோடு கூரை மேல் சண்டை நடக்கும்போது, பீட்டர் தயாரித்த ரசாயன வலை அந்த இயந்திரக் கைகளைக் கட்டுப்பாடு இழக்கச் செய்கிறது. கைகள் தறிகெட்டு அடித்ததில் புகைபோக்கி சரிந்து தெருவில் விழ, ஒரு குழந்தையைத் தள்ளிவிட்டுக் கேப்டன் அடியில் சிக்குகிறார். சாகும்போது ஸ்பைடர்-மேனைப் பீட்டர் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்.

கவனித்தால் மூன்று விஷயங்கள் ஒரே பக்கத்தில் முடிச்சுப்போடப்படுகின்றன. சாவில் நாயகனின் செயலுக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது குற்றம் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு ரகசியம் தெரிந்திருந்தது, மகளுக்குத் தெரியாது. அப்பாவின் கடைசிப் பேச்சு யாருக்கு மிக மிகத் தேவையோ அவளிடம் அதைச் சொல்லவே முடியாத இடத்தில் பீட்டர் நிற்கிறான். அடுத்த இதழ்களில் குவென் ஸ்பைடர்-மேனை வெறுக்கிறாள், அவனைப் பிடிப்பேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்கும் ஓர் அரசியல்வாதிக்கு ஆதரவு தருகிறாள், கடைசியில் உறவினரிடம் லண்டனுக்குப் போய்விடுகிறாள். 1971 ஏப்ரல் இதழில் பீட்டர் லண்டன்வரை போகிறான். அங்கே ஓர் ஆபத்தில் முகமூடியோடு இறங்கவேண்டி வருகிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே ஊரில் இருந்தது தெரிந்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று, அவளைப் பார்க்காமலேயே திரும்பி வருகிறான். கதையின் கட்டுமானம் என்று பார்த்தால் இதைவிட நேர்த்தியாகச் செய்வது கடினம். அவளைத் தேடிப் போவதும் அவளைத் தவிர்ப்பதும் ஒரே பயணத்தில் நடந்துவிடுகிறது.

அதே தொடர் எங்கே சறுக்கியது என்பதையும் பார்க்கவேண்டும். குவெனின் கோபம் முகமூடியைச் சுற்றியே வருகிறது. அவள் அப்பாவோடு என்ன பேசுவாள், அவர் இல்லாத வீட்டில் காலையில் என்ன செய்கிறாள் என்பதற்கு இடமே இல்லை. சில மாதங்களில் திரும்பி வந்து சேர்ந்துவிடுகிறாள். கேள்வி அப்படியே கிடக்கிறது. 1973 ஜூன் இதழில், ஜெரி கான்வே எழுத, அவளே பாலத்திலிருந்து தள்ளப்பட்டுச் சாகிறாள். ஸ்பைடர்-மேனின் வலை காலைப் பிடித்து நிறுத்திய நொடியில் கழுத்தருகே 'ஸ்னாப்' என்று ஒரு சின்ன ஒலிச்சொல் வரையப்பட்டிருக்கும். திடீரென நின்றதில்தான் கழுத்து முறிந்தது என்று பின்னர் கடிதப் பகுதியில் ஒப்புக்கொண்டார்கள். இயற்பியலும் அதைத்தான் சொல்லும்: மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் விழும் உடலைப் பத்தில் ஒரு நொடியில் நிறுத்தினால் அதன்மேல் புவியீர்ப்பைப்போல் சுமார் 28 மடங்கு விசை இறங்கும். அப்பாவின் சாவு பற்றிய உண்மை அவளுக்குக் கடைசிவரை தெரியாமலே அவள் கதை முடிந்தது. நாயகனுக்கு வலி கொடுப்பதற்காக மட்டுமே பெண்களைக் கொல்லும் இந்தப் பழக்கத்தை 1999-ல், பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் ஓர் இணையப் பட்டியலாகத் தொகுத்தார். 1994-ல் வந்த ஒரு கிரீன் லேன்டர்ன் இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த காட்சிதான் அதற்குக் 'குளிர்சாதனப் பெட்டிகளில் பெண்கள்' என்ற பெயரைக் கொடுத்தது. உங்கள் கதையில் சாவது தம்பி என்பதால் தப்பித்தோம் என்று எண்ணவேண்டாம். சோதனை எளிது. தம்பியின் காட்சிகளில் நாயகனை நீக்கிவிட்டுப் படியுங்கள். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவே அவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு வழக்கு, ஒரு சண்டை, ஒரு கடன் மிஞ்சுகிறதா? மிஞ்சவில்லை என்றால் அவன் ஒரு பாத்திரமாகவே ஆகவில்லை.

இனி உங்கள் விபத்துக்கு வருகிறேன். 'ஒரு நொடி தாமதமாக வந்தான்' என்று வைத்திருக்கிறீர்கள். அது வலுவற்றது, ஏனென்றால் தாமதம் யாருடைய முடிவும் அல்ல. அவன் செய்த மீட்பே சாவோடு சம்பந்தப்பட்டிருக்கவேண்டும். கட்டிட இடிபாடுகளில் இதற்கு ஒரு நிஜமான மருத்துவக் காரணம் இருக்கிறது: நசுங்கல் நோய்க்குறி. லண்டன் மீதான குண்டுவீச்சில் சிக்கியவர்களைப் பார்த்து எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் 1941-ல் விவரித்தார்கள். கால் தொடைவரை பாளத்தின் அடியில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடக்கும்போது தசைக்கு ரத்தம் போகாமல் செல்கள் சிதையும். ஆள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். பாளத்தைத் தூக்கிய மறு நிமிடம், அங்கே தேங்கியிருந்த பொட்டாசியம் மொத்தமாக ரத்தத்தில் இறங்கி இதயத் துடிப்பை நிறுத்திவிடலாம். தப்பினாலும் தசைப் புரதம் சிறுநீரகத்தை அடைத்து அடுத்த நாட்களில் ஆபத்து வரும். ஒரு மணி நேரத்திலேயே இது நேரலாம். நான்கு மணி நேரம் தாண்டினால் அபாயம் மிக அதிகம். அதனால்தான் தேர்ந்த மீட்புக் குழுவினர் பாளத்தைத் தூக்குவதற்கு முன்பே கையில் ஊசி குத்தி, மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் வேகத்தில் சலைன் ஏற்றத் தொடங்குவார்கள்.

உங்கள் நாயகனின் வலுவே இங்கே கத்தியாகிறது. மாலை 6.10-க்குப் பாலம் இடிகிறது. 6.15-க்கு வந்தவன் முதலில் பஸ்ஸைத் தாங்கிப் பிடிக்கிறான். தம்பியிடம் அவன் வந்து சேரும்போது மணி 8.40. தம்பி நினைவோடு இருக்கிறான், பேசுகிறான், வலியைவிடப் பயம் அதிகம். பத்தடி தள்ளி ஆம்புலன்ஸ் ஊழியர் 'தூக்காதீங்க, டிரிப்ஸ் போட்டுக்கிறேன்' என்று கத்துகிறார். அதே நேரத்தில் மேலே தொங்கும் தூணில் விரிசல் ஓடுகிறது. அவன் தூக்குகிறான். ஏழாவது நிமிடம் இதயம் நின்றுபோகிறது. காத்திருந்தால் பிழைத்திருப்பானா, தூண் விழுந்து ஊழியரும் சேர்ந்து செத்திருப்பாரா? இந்தச் சந்தேகம் கதை முழுவதும் நிற்கும், அதற்கும் காரணம் இருக்கிறது. இறந்த பிறகு எல்லோருடைய ரத்தத்திலும் செல்களிலிருந்து பொட்டாசியம் தானாகவே கசிந்து ஏறும். எனவே போஸ்ட்மார்ட்டத்தில் ரத்தத்தை வைத்து 'இதனால்தான் இறந்தான்' என்று அறுதியிட்டுச் சொல்வது கடினம். அறிக்கையில் பல காயங்கள் என்றுதான் வரும். எந்த டாக்டரும் அவனை விடுவிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது.

அடுத்தது, யாருக்கு எது எப்போது தெரியும் என்ற கணக்கு. முகமூடிக்குள் யார், தம்பி கடைசிவரை பேசிக்கொண்டிருந்தான், 'தூக்காதீங்க' என்று ஒருவர் கத்தினார், தம்பி என்ன பேசினான். இந்த நான்கு உண்மைகளையும் ஒரு பக்கம் எழுதி, அவன், அவள், அம்மா, ஆம்புலன்ஸ் ஊழியர், செய்தி சேனல் ஆகிய ஒவ்வொருவருக்கும் எது எந்த நாளில் தெரியவருகிறது என்று நாள் போடுங்கள். உங்கள் வரைவில் அவன் தவறுதான் மையம்; இந்தப் பட்டியலில் அது மூன்றாவது உண்மையாக வருகிறது. இரண்டாவதையும் நான்காவதையும் மையமாக்குங்கள். உடனே செத்துவிட்டான், வலியே தெரிந்திருக்காது என்று வீட்டில் ஆறுதல் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவள் அதை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் இருக்கிறாள். அவனிடமோ தம்பியின் கடைசிப் பத்து நிமிடம் இருக்கிறது: அக்கா பெயரைச் சொன்னது, வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னது, ஒரு அசட்டு ஜோக். அவளுக்குக் கிடைக்காத ஒன்றை அவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான். தெரியவரும்போது அவளைக் கொல்லப்போவது, பாளத்தைத் தூக்கினான் என்பதைவிட, இரண்டு மாதம் தம்பியின் பேச்சை எனக்குத் தராமல் வைத்திருந்தாய் என்பதுதான். சாதாரண ரகசியத்தைவிட இது ஆழமாக வெட்டும்.

தெரியவருவது அவளுடைய முயற்சியால் இருக்கட்டும். அவன் மனசாட்சி உறுத்தி ஒப்புக்கொள்ளும் காட்சியில் அவனுக்குத்தான் மேடை; அவள் வெறும் பார்வையாளர். அவளே அந்த ஆம்புலன்ஸ் ஊழியரைத் தேடிப் போகிறாள் என்று வையுங்கள். அவர் முகமூடிக்காரனும் பையனும் பேசிக்கொண்டிருந்ததைச் சொல்கிறார். அந்தப் பேச்சில் ஒரு துண்டு, அந்த வண்டிச் சாவி விஷயம், இரண்டு வாரம் முன்பே அவள் காதலன் வாயிலிருந்து தவறி வந்திருக்கிறது. முகமூடியைக் கழற்றாமலே முகம் தெரிந்துவிடும். இது கதையின் நடுவுக்குச் சற்று முன்னாலோ நடுவிலோ வருவது நல்லது என்பது என் கருத்து. கடைசி ஐந்து பக்கத்துக்குத் தள்ளினால் முழுக் கதையும் 'எப்போது தெரியும்' என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கி, தெரிந்தபின் வாழ்வது எப்படி என்ற சுவையான பகுதிக்கு இடமிருக்காது. தெரிந்த பிறகு இரண்டு கேள்விகளையும் ஒரே வாயில் கேட்க வைக்காதீர்கள். 'ஏன் சொல்லவில்லை' அவளுடையது. அதற்குப் பதில் உண்டு, மன்னிப்பும் சாத்தியம். 'ஏன் தூக்கினாய்' அம்மாவுடையது. அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அம்மாவைச் சொன்னதால் குடும்பத்துக்கு வருகிறேன். உங்கள் வரைவில் அவர் கட்டிலில் படுத்தே இருக்கிறார். கென்னத் டோக்கா 1989-ல் எழுதிய 'அங்கீகரிக்கப்படாத துயரம்' என்ற கருத்து இங்கே கைகொடுக்கும்: ஊர் ஒத்துக்கொள்ளாத உறவில் இருப்பவருக்குத் துக்கப்பட உரிமை கிடைப்பதில்லை. உங்கள் நாயகன் இரண்டு மடங்கு அப்படிப்பட்டவன். காதலன் என்பதே வீட்டில் அரைகுறையாகத்தான் தெரியும். முகமூடிக்காரன் என்பது சுத்தமாகத் தெரியாது. தம்பியோடு அவனுக்கு ஒரு தனி நட்பு இருந்திருந்தால் அதை எங்கேயும் சொல்ல முடியாது. கதை எந்த ஊரில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்க நகரம் என்றால் அடக்கம் பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான். அவன் காயத்தை மறைக்க அவகாசம் உண்டு. தமிழ்க் குடும்பம் என்றால் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வந்த அன்றே எடுத்துவிடுவார்கள். தோள்பட்டை கிழிந்த நிலையில், ஷாமியானா அடியில் நாற்காலி இறக்கிப் போடும் நண்பர்கள் கூட்டத்தில் அவன் நிற்கவேண்டும். பாடையைத் தூக்கக் கை கொடுக்கும்போது வலியில் முகம் சுளித்ததை அம்மா பார்த்துவிடலாம். பதினாறாம் நாள் காரியம், மாதம் கழிந்த நாள் என்று சடங்குகளே உங்களுக்குக் காட்சி நாட்களைக் கொடுத்துவிடும்.

பேச்சு விஷயத்தில் கறாராக இருங்கள். அமெரிக்க காமிக்ஸில் ஒரு பக்கத்துக்கு ஆறு படக் கட்டம், ஒரு கட்டத்துக்கு 35 சொல் என்பது டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் ஆசிரியர் மோர்ட் வைசிங்கர் பெயரில் வழங்கும் பழைய உச்சவரம்பு. தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் பதினெட்டு, இருபது சொல்லுக்கு மேல் போனாலே வசன பலூன் படத்தை விழுங்கிவிடும். துக்கக் காட்சியில் அதிலும் பாதி. உங்கள் வரைவில் அவன் கூரைமேல் நின்று தனக்குள் பேசும் பகுதிகளை அப்படியே எடுத்துவிடலாம். படமே அதைச் சொல்கிறது. குவென் இறந்த அடுத்த இதழின் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். பீட்டர் தன் தோழி மேரி ஜேனை வார்த்தையால் குத்தி வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவுவரை போகிறாள், நிற்கிறாள், கதவை உள்பக்கமாகச் சாத்திவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறாள். அந்தக் கட்டங்களில் வசனமே கிடையாது. பின்னால் பல ஆண்டுகள் ஓடிய ஒரு காதலுக்கு அந்தப் பக்கம்தான் அஸ்திவாரம்.

துயரம் வந்தால் சக்தி கூடும் என்ற வழக்கத்தை மிகுந்த யோசனைக்குப் பின்தான் பயன்படுத்தவேண்டும். 2021-ல் வந்த 'வாண்டாவிஷன்' தொடரில் அது வேலைசெய்தது, ஏனென்றால் அங்கே விலை கொடுத்தது மூன்றாம் ஆட்கள்: வாண்டாவின் துயரத்துக்குள் ஒரு சிற்றூரே சிறைப்பட்டு, அவள் கெட்ட கனவுகளைச் சேர்த்துச் சுமந்தது. விலை யாருக்கும் இல்லாமல் கண்ணில் நெருப்பு மட்டும் வந்தால் அது அலங்காரம்தான். 2018-ல் பேட்மேன் 50-ஆவது இதழில் கேட்வுமன் திருமணத்தை முறித்துப் போனது இதற்கு மறுகோடி: துக்கத்தில் ஓடும் மனிதனைச் சந்தோஷப்படுத்தினால் அவன் பேட்மேனாக இருக்கமாட்டான் என்று அவள் நம்புகிறாள். உங்கள் நாயகிக்கு இந்த வாதம் பொருந்தாது, கடன் வாங்கவேண்டாம்.

உங்கள் இரண்டாம் பாதியில் வில்லன் அவளைக் கடத்துகிறான், மீட்பில் இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதை வெட்டுங்கள். உயிரைக் காப்பாற்றியதற்கான நன்றி அவளுடைய கேள்வியை வாயடைத்துவிடுகிறது. பதில் சொன்னதாக ஆகாது. தம்பியைக் காலப் பயணத்தில் மீட்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். சாவைத் திருப்பலாம் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அதன்பின் உங்கள் உலகில் யாருக்காகவும் வாசகர் கவலைப்படமாட்டார். அவள் தோழி 'இரண்டு மாசமாச்சு, டாக்டரைப் பார்' என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். தோழி அப்படிச் சொல்லலாம், மனிதர்கள் சொல்வார்கள். கதை அதை ஆமோதிக்கக்கூடாது. 2022-ல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநலக் கையேடு நீடித்த துயரக் கோளாறு என்ற பெயரைக் கொடுப்பதற்குப் பெரியவர்களுக்குக் குறைந்தது பன்னிரண்டு மாதம் கழிந்திருக்கவேண்டும் என்கிறது. இரண்டு மாதத்தில் அவள் படுவது நோய் அல்ல.

முடிவுக்கு இரண்டு வழி பொருந்தும் என்று தோன்றுகிறது. சேர்ந்தே இருக்கிறார்கள், ஆனால் அம்மா வீட்டுக்கு அவன் இனி வரமுடியாது. அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அலைகிறாள். அல்லது பிரிகிறார்கள், பிரிவதற்கு முன் அவன் அந்தப் பத்து நிமிடத்தை ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போகிறான். பிள்ளையைப் பறிகொடுத்த தம்பதிகளில் பெரும்பாலோர் பிரிந்துவிடுவார்கள் என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்லப்படுகிறதே, அதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. ஆகவே பிரிவுதான் யதார்த்தம் என்று நினைத்து அதைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது, தொடர்கதைக்கு அதில் சரக்கு அதிகம். எதை எடுத்தாலும், அவன் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லும் காட்சியை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பின்னால் கட்டுங்கள். எட்டிலிருந்து பத்து கட்டம், இரண்டு பக்கம். அதைத் தாண்டினால் வெட்டவேண்டியது தம்பியின் வார்த்தைகளை அல்ல, அவன் நடுநடுவே கேட்கும் மன்னிப்புகளை.